செக்கு போயிற்று, கூலி வந்ததா?

கோவைச் சிறையில் வ.உ.சிதம்பரனார் செக்கிழுத்த கதை தெரியாத தமிழர் கிடையாது. பெங்களூரில் பிறந்து கன்னடத்தில் படிக்கும் நம் பிள்ளைகள்கூட, செக்கிழுத்தவர் யார் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். மாடு இழுக்க வேண்டியதை ஒரு வக்கீல் இழுத்தார். 1908-இல் தண்டிக்கப்பட்டவருக்குக் கூலி கொடுப்பதைப் பற்றி அன்று யார் பேசினார்கள்!

செக்கு போய்விட்டது. "கடுங்காவல்" போகவில்லை. 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. கடுங்காவல் என்றால் கடின உழைப்புடன் கூடிய காவல். கைதியின் சம்மதத்தைக் கேட்க வேண்டியதில்லை. வெறுங்காவல் கைதி விரும்பினால் வேலை செய்யலாம்.

பூட்டிய கதவுக்குள்

அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. டில்லியில் 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிட வேலை செய்த கூலியாட்களுக்கு உரிய கூலி கிடைக்காமல் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அதுவும் கட்டாய உழைப்பே என்று நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். பிழைக்க வந்த இடத்தில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வேலை செய்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பின் அருமை தெரியும்.

வெளியே இருப்பவனுக்கே இப்படி என்றால், உள்ளே இருப்பவனுக்கு? கைதிகளுக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 1983-லேயே சொன்னது. மாநில அரசுகள் விடவில்லை. வழக்கு மேலே போயிற்று. 1998 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் முடிவு சொன்னது: கடுங்காவல் கைதியிடம் வேலை வாங்கலாம், ஆனால் நியாயமான கூலி கொடுத்தாக வேண்டும். சாப்பாடு, துணிக்கான செலவைக் கழித்துக்கொள்ளலாம். குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கும் ஒரு பங்கு போக வழி செய்ய வேண்டும்.

கட்டாயம் நின்றது, இலவசம் மட்டும் போனது. பாதி வெற்றி என்றுதான் எனக்குப் படுகிறது. சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போனால் ஆபீசில் நாம் போடும் சத்தம் கொஞ்சமா?

கூலியும் ஊருக்கு ஊர் வேறு. கர்நாடகத்தில் நாளொன்றுக்கு 500 ரூபாய்க்கு மேல் உயர்த்தப்பட்டதாக 2023 தொடக்கத்தில் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அந்தச் சமயத்தில் 100 ரூபாயைக்கூடத் தொடாத மாநிலங்களும் இருந்தன.

துடைப்பம் யாருக்கு?

கூலியை விடக் கேவலமான சங்கதி ஒன்று இருந்தது. மேற்கு வங்கச் சிறை விதிகளில், துப்புரவு வேலைக்குக் குறிப்பிட்ட சாதிக்காரரையே எடுக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். உத்தரப் பிரதேச விதிகளில், வெறுங்காவல் கைதிக்கு இழிவான வேலை தரக்கூடாது. அந்த வேலைக்குப் பழகிய சமூகத்தவர் என்றால் தரலாம்! திருடினாலும் சாதி விடவில்லை. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3-ந் தேதி சுப்ரீம் கோர்ட் இவற்றைச் செல்லாது என்றது. பதிவேட்டில் சாதிக் கட்டத்தையே எடுத்துவிட வேண்டும், 3 மாதத்தில் விதிகளைத் திருத்த வேண்டும் என்று உத்தரவாயிற்று. நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டாம்: பாளையங்கோட்டைச் சிறையில் சாதி பார்த்துக் கைதிகளைத் தனித்தனியே வைத்த விவரமும் அந்த வழக்கில் வந்தது.

இன்னொன்று. 2022 கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள், தண்டனையே பெறாதவர்கள். அவர்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கச் சட்டத்தில் இடமில்லை. அந்நிய ஊரில் கணவனையோ மகனையோ உள்ளே விட்டுவிட்டு, மொழி தெரியாமல் சிறை வாசலில் மனு போட்டுக் காத்திருக்கும் நம் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தண்டனைக் கைதியானால், அவன் கணக்கில் கூலி எவ்வளவு ஏறியிருக்கிறது, எவ்வளவு பிடித்தார்கள் என்று அவனிடமே கேட்டு வரலாம்.