டின் டிக்கெட் இல்லாத பயணம்

2022 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுவதும் ஊரடங்கு. பதுளையிலும் பசறையிலும் பண்டாரவளையிலும் விடிந்ததும் போனைக் கையில் எடுத்தவர்களுக்குப் பேஸ்புக் திறக்கவில்லை, வட்ஸ்அப் போகவில்லை, யூடியூப் சுற்றிக்கொண்டே இருந்தது. பாதுகாப்பு அமைச்சின் கோரிக்கைப்படி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு நள்ளிரவோடு எல்லாவற்றையும் மூடியிருந்தது. அன்று அதை வெளிப்படையாகக் கேலி செய்தவர்களில் ஒருவர் அமைச்சரவையிலேயே இருந்தார். இளைஞர் விவகார, விளையாட்டுத்துறை அமைச்சர் நாமல் ராஜபக்ஷ, இப்படித் தடை போடுவதில் பயனில்லை, நானே இப்போது விபிஎன் வழியாகத்தான் எழுதுகிறேன் என்று டுவிட்டரில் பதிவிட்டார். சித்தப்பா ஜனாதிபதி, அப்பா பிரதமர், மகன் கையில் விபிஎன்! பிற்பகலில் தடை நீங்கியது. அன்றிரவே அமைச்சர் பதவி விலகினார்.

இலங்கையர்களுக்கு அது புதிய அனுபவம் அல்ல. 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது ஒரு வாரம், 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஏப்ரல் இறுதிவரை என்று ஏற்கெனவே இரண்டு பெரிய பூட்டுகளைப் பார்த்திருந்தார்கள். 2019இல் ‘டனல்பேர்’ போன்ற சில விபிஎன் சேவைகளும் சேர்த்தே முடக்கப்பட்டன. அதனால் விபிஎன் என்ற மூன்றெழுத்து, ஆங்கிலம் படிக்காத வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

பூட்டைத் தாண்டுவது ஒரு வேலை. தாண்டியவர் யார் என்று தெரியாமல் இருப்பது இன்னொரு வேலை. விபிஎன் முதலாவதை நன்றாகவே செய்யும். இரண்டாவதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடும். லயத்துக் காம்பராக்களுக்குத் தனி முகவரி கிடையாது. கடித உறையில் ஆளின் பெயர், டிவிஷன், தோட்டம், ஊர், அவ்வளவுதான். தபால் பை தோட்ட ஆபீசுக்குப் போகும், அங்கே பிரிபட்டு லயத்துக்கு வரும். யாருக்குத் தொழிற்சங்கத்திலிருந்து கடிதம் வந்தது, யாரை நீதிமன்றம் கூப்பிடுகிறது, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எந்தக் குடும்பத்துக்கு இந்தியா போகும் கடிதம் வந்திருக்கிறது என்பதெல்லாம் ஓர் உறையைக்கூடப் பிரிக்காமல் ஆபீசுக்குத் தெரிந்துவிடும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, யார் யாருக்கு எழுதுகிறார் என்பது பல நேரங்களில் அதிகம் சொல்லும். 

இணையத்தில் அந்த ஆபீஸ், நமக்கு டேட்டா விற்கும் நிறுவனம். எந்த இணைப்பிலிருந்து எந்தத் தளத்துக்கு எத்தனை மணிக்குப் போனார்கள் என்பது அதன் பதிவேட்டில் விழும். இன்று பெரும்பாலான தளங்களில் பூட்டுச் சின்னம் இருப்பதால் கடிதத்தின் உள்ளடக்கம் தெரியாது. உறையின் மேலெழுத்து தெரியும்.

விபிஎன் போடும்போது என்ன நடக்கிறது? கடிதத்தைத் தோட்ட ஆபீசில் கொடுக்காமல் பக்கத்துத் தோட்டத்து ஆபீசில் கொடுக்கிறோம். நம் ஆபீசுக்கு ஒன்றும் தெரியாது, சரி. பக்கத்துத் தோட்டத்துக் கிளார்க்கருக்கு எல்லாம் தெரியும். அவர் யோக்கியமானவரா என்பதுதான் கேள்வி. அவுஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்களும் வேறு சில பல்கலைக்கழகத்தாரும் 2016இல் அண்ட்ரொய்ட் போன்களுக்கான 283 விபிஎன் செயலிகளை ஆராய்ந்தார்கள். 38 சதவீதத்தில் தீநிரல்களின் அறிகுறி இருந்தது. 18 சதவீதம் எதையும் குறியாக்கமே செய்யவில்லை. பேஸ்புக் நிறுவனமே ‘ஒனாவோ’ என்ற இலவச விபிஎன்னை நடத்தி, அதைப் போட்டவர்கள் வேறு எந்தெந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருந்தது. 2018இல் ஆப்பிள் அதைத் தன் கடையிலிருந்து வெளியேற்ற வைத்தது. பேஸ்புக் பார்க்க முடியவில்லையே என்று அவசரத்தில் கையில் கிடைத்த இலவச விபிஎன்னைப் போட்டவர்கள், எந்தக் கிளார்க்கரிடம் பையைக் கொடுத்தோம் என்று திரும்பிப் பார்த்திருப்பார்களா?

இன்னும் பின்னோக்கிப் போனால் இன்னொரு பொருள் தட்டுப்படும். 1900களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்தபோது ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு சிறு தகர வில்லையைக் கட்டிவிட்டார்கள். அதற்கு டின் டிக்கெட் என்று பெயர். அதில் அடித்திருந்த எண்கள் இரண்டு விஷயம் சொல்லும்: எந்தத் தோட்டம், அந்தத் தோட்டத்தில் எத்தனையாவது ஆள். மண்டபம் முகாமிலிருந்து மலை வரைக்கும் பெயரே கேட்க வேண்டியதில்லை, வில்லையைப் பார்த்தால் போதும். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல்தான். அதற்கு முன் வந்தவர்கள் கடைசி மைல்களை வில்லையும் கழுத்துமாக நடந்தே ஏறினார்கள். தோட்டம் மாறுவதற்கு வேறொரு காகிதம் இருந்தது, ‘துண்டு’. அந்த ஆளின் கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அதைத் தீர்க்காமல் இன்னொரு தோட்டத்தில் பேர் போட முடியாது. துண்டு முறையை 1921இல் சட்டம் ஒழித்தது.

இணையத்தில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் இப்படி ஒரு வில்லை உண்டு; ஐபி முகவரி. எந்த நிறுவனத்தின் இணைப்பு, ஏறத்தாழ எந்த ஊர் என்று போகுமிடமெல்லாம் அது சொல்லிக்கொண்டே போகும்.

இந்த வில்லையைக் கழற்றும் வழியைக் கண்டுபிடித்தவர்கள், வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கக் கடற்படைக்காரர்கள். 1990களின் நடுவில் கடற்படை ஆய்வுக்கூடத்தில் போல் சைவர்சன், மைக்கேல் ரீட், டேவிட் கோல்ட்ஷ்லாக் ஆகிய மூவரும் ‘வெங்காய வழி’ என்ற முறையை உருவாக்கினார்கள். ரோஜர் டிங்கிள்டைன், நிக் மாத்யூசன் இருவரும் சைவர்சனோடு சேர்ந்து அதை ‘டோர்’ ஆக்கினார்கள். 2002இல் வலைப்பின்னல் ஓடத் தொடங்கியது. கடற்படை தன் கண்டுபிடிப்பை ஊருக்கே திறந்துவிட்டதற்குத் தாராள மனசு காரணம் அல்ல. கடற்படையினர் மட்டுமே பயன்படுத்தினால், டோரிலிருந்து யார் வந்தாலும் கடற்படை ஆள் என்று தெரிந்துவிடும். கதிர்காமத் திருவிழாவில் காவி வேட்டிக்காரரைத் தேடுவது போல ஆக வேண்டுமென்றால் முதலில் கூட்டம் வேண்டும்.

கடிதக் கணக்கில் சொன்னால், பசறையில் எழுதிய கடிதத்தை ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று உறைகளில் போட்டு ஒட்டுகிறோம். முதல் ஆள் கடிதம் பசறையிலிருந்து வருகிறது என்று அறிவார். வெளி உறையைப் பிரித்தால் இரண்டாமவர் முகவரி மட்டும் இருக்கும். இரண்டாமவருக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. மூன்றாமவர் கடைசி உறையைப் பிரித்து, சேர வேண்டிய இடத்தில் கொடுப்பார். யார் எழுதியது என்று அவருக்குத் தெரியாது. அனுப்பியவரையும் போய்ச் சேர்ந்த இடத்தையும் சேர்த்து அறிந்த ஒற்றைக் கை எங்கும் இல்லை. விபிஎன்னில் இல்லாத பாதுகாப்பு இதுதான்.

கணினியில் டோர் உலாவியைத் திறந்து ஏதாவது ஒரு தளத்துக்குப் போய், முகவரிப் பட்டையில் உள்ள வட்டச் சின்னத்தைத் தட்டினால் அந்தப் பாதை கண்முன்னே வரும். ‘இந்த உலாவி’ என்று தொடங்கி, வரிசையாக ஜெர்மனி, பின்லாந்து, நெதர்லாந்து என்பது போல மூன்று நாடுகள், கடைசியில் தளத்தின் பெயர். மூன்று இடங்களிலும் இருப்பவை தன்னார்வலர்கள் நடத்தும் கணினிகள். உலகில் அப்படி ஏழாயிரத்துக்கு மேல் உண்டு. தேடுபொறிக்கு நாம் ஆம்ஸ்டர்டாமில் இருப்பதாக நினைப்பு. டச்சு மொழியில் வரவேற்கும், பிறகு சந்தேகப்பட்டு, எந்தெந்தப் படங்களில் சமிக்ஞை விளக்கு இருக்கிறது என்று தட்டிக் காட்டச் சொல்லும். மெதுவாகத்தான் ஓடும். மழை நாளில் மடுல்சீமைப் பக்கத்து சிக்னலில் வீடியோ பார்க்க நினைப்பவர் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஓட்டைகளும் உண்டு. 2007இல் ஸ்வீடனைச் சேர்ந்த டான் எகர்ஸ்டாட் என்ற ஆய்வாளர் கடைசிக் கையாகச் சில கணினிகளை நடத்திப் பார்த்தார். இந்தியா உட்படப் பல நாடுகளின் தூதரக மின்னஞ்சல்களின் கடவுச்சொற்கள் வந்து விழுந்தன. டோர் அங்கே தோற்கவில்லை. பூட்டுச் சின்னம் இல்லாத வழியில் கடவுச்சொல்லை அனுப்பியிருந்தார்கள், கடைசி உறையைப் பிரித்ததும் தபால் அட்டை போல எல்லாம் தெரிந்தது. 2013 டிசம்பரில் ஹார்வர்டில் ஒரு மாணவர் பரீட்சையிலிருந்து தப்ப டோர் வழியாக வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். விசாரித்தவர்கள் டோரை உடைக்கவேயில்லை. அந்த நேரத்தில் பல்கலைக்கழக வைஃபையிலிருந்து டோருக்குள் போனவர் யார் என்று மட்டும் பார்த்தார்கள். ஆள் மாட்டிக்கொண்டார். போதைப்பொருள் சந்தையான ‘சில்க் ரோட்’ அதே ஆண்டு அக்டோபரில் மூடப்பட்டதிலும், நடத்தியவர் ஆரம்பத்தில் தன் சொந்தப் பெயருள்ள மின்னஞ்சல் முகவரியை இணையத்தில் விட்டுவைத்திருந்தது பெரிய துப்பு.

ஹார்வர்ட் கதை பதுளைக்குத்தான் அதிகம் பொருந்தும். கூட்டமில்லாத ஊரில் முகமூடி போட்டவர்தான் முதலில் கண்ணில் படுவார்.

இலங்கையில் டோரின் தேவை யாருக்கு? 2007 ஜூனில் தமிழ்நெற் தளம் நாட்டுக்குள் தடுக்கப்பட்டது. 2011 டிசம்பரிலிருந்து கொழும்பு டெலிகிராப் முடக்கப்பட்டு, 2015 ஜனவரி ஆட்சி மாற்றத்துக்குப் பிறகே திறந்தது. அந்த ஆண்டுகளில் வாசகர்கள் சுற்றுவழிகளில்தான் செய்தி படித்தார்கள். 2018 அக்டோபர் 24ஆம் திகதி ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டு மலையக இளைஞர்கள் கறுப்புடையில் காலிமுகத்திடலில் கூடினார்கள். அதற்கான அழைப்பு சமூக ஊடகங்களில் பரவியது. ஆனால் அப்படிச் சொந்தப் பெயரில் பதிவிடுபவருக்கு டோர் எந்தக் கவசமும் தராது. 2022 ஏப்ரல் தொடக்கத்தில் ‘கோட்டா கோ ஹோம்’ என்ற பேஸ்புக் பக்கத்தை நடத்திய இளைஞர் கைதானதை எல்லோரும் பார்த்தார்கள். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபின், எழுதும் கை இன்னும் ஒருமுறை யோசிக்கிறது.

லயத்தில் நிலைமை வேறு. அங்கே ஒரு பெண் அஞ்சுவது கொழும்பு அதிகாரியை அல்ல. ஒரே போன் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் தங்கச்சியின் ஒன்லைன் வகுப்புக்கும். உடம்பில் வந்த ஒரு கோளாறைப் பற்றியோ, நுண்கடன் கட்டத் தவறினால் சட்டம் என்ன சொல்கிறது என்றோ அவள் தேடினால், அடுத்துப் போனை எடுப்பவர் கண்ணில் அது படும். டோர் உலாவி மூடும்போது தான் போன இடங்களை மறந்துவிடும், அந்தளவுக்கு உதவி. ஆனால் ஊதாச் சின்னத்தோடு புதிய செயலி ஒன்று ஏன் போனில் இருக்கிறது என்று அண்ணன் கேட்டால், மூன்று உறைகளும் பதில் சொல்லாது. சாதாரண உலாவியின் தனிப்பட்ட சாளரமே அவளுக்குப் போதும்.

இடையில் ஒருவரை வைத்து உலாவுவது இந்த மலைகளுக்கு முற்றிலும் புதிதும் அல்ல. 1999இல் யுனெஸ்கோ உதவியோடு கொத்மலை சமுதாய வானொலி, நேயர்கள் கேட்டனுப்பும் கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடி ஒலிபரப்பியது. தளங்களுக்குத் தெரிந்தது வானொலி நிலையம் மட்டும். கேட்டவர் யார் என்று நிலையத்துக்குத்தான் தெரியும்.

டோருக்கே பூட்டுப் போட்டவர்களும் உண்டு. ரஷ்யா 2021 டிசம்பரில் அதை முடக்கத் தொடங்கியது. மறு ஆண்டு ஈரானில் போராட்டம் வெடித்தபோதும் இணையம் நெரிக்கப்பட்டது. அப்போது கைகொடுத்தது ‘ஸ்னோஃபிளேக்’ என்ற சின்ன ஏற்பாடு. தடை இல்லாத நாட்டில் இருப்பவர் தன் உலாவியில் ஒரு நீட்சியைச் சேர்த்துவிட்டால், தடை உள்ள நாட்டில் இருப்பவர் அவருடைய கணினி வழியாக டோருக்குள் நுழையலாம். டொரொண்டோவில் குடியேறிய ஹாலிஎலக்காரர் ஒருவர் அதைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். மாலையில் வந்து சின்னத்தைத் தட்டினால், கடந்த 24 மணி நேரத்தில் இத்தனை பேருக்கு உதவியிருக்கிறீர்கள் என்று ஓர் எண் காட்டும். பெயர் இருக்காது, என்ன பார்த்தார்கள் என்பதும் இருக்காது.