மொரீஷியஸ் பணத்தாளில் தமிழ்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவன்)

நம் கல்லூரியில் தபால் தலை சேர்ப்போர் உண்டு. அயல்நாட்டுப் பணத்தாள் சேர்ப்போர் மிகச் சிலரே. "செலவழிக்க முடியாத பணத்தைச் சேர்த்து என்ன பயன்?" என நண்பர்கள் கேட்பதுண்டு. ஆப்பிரிக்காவைச் சார்ந்த மொரீஷியஸ் தீவின் நோட்டுகளைக் கொண்டு விடை கூற விழைகிறேன்.

கரும்புத் தோட்ட வேலைக்கென 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் அத்தீவிற்குக் கப்பலேறினர். அவர்களுள் தமிழரும் உண்டு. பிரெஞ்சு ஆட்சியின்போதே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர் அங்குச் சென்றிருந்தனர். 1968 மார்ச் 12 அன்று நாடு விடுதலை பெற்றது. எனினும் 1967இல் தோன்றிய மொரீஷியஸ் வங்கியின் முதல் நோட்டுகளில் இருந்தது இரண்டாம் எலிசபெத் அரசியின் உருவமே! விடுதலைக்குப் பின்னும் அவை பல ஆண்டுகள் புழங்கின. பின்னர் வந்த தாள்களில் அந்நாட்டுத் தலைவர்கள் இடம்பெற்றனர். 100 ரூபாய்த் தாளில் காண்பவர் தமிழ் மரபினரான ரெங்கநாதன் சீனிவாசன். 1958இல் மறைந்த வழக்கறிஞர், அரசியல் தலைவர்.

அந்நோட்டுகளில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசையில் மதிப்பு எழுதப்படுவது மரபு. நாம் மறந்துவிட்ட தமிழ் எண்களும் அவற்றில் உள்ளன. 1998இல் வெளியான புதிய தாள்களில் தமிழ் கடைசிக்குத் தள்ளப்பட்டது. தமிழர் கிளர்ந்தெழுந்தனர். வங்கி அத்தாள்களைத் திரும்பப் பெற்று, 1999இல் பழைய வரிசைப்படியே மீண்டும் அச்சிட்டது. 1998, 1999 என ஆண்டு பொறித்த இரு தாள்களையும் அருகருகே வைத்தால் அவ்வரலாறு முழுவதும் விளங்கும்.

ஒரு வரிக்காக இவ்வளவு போராட்டமா எனத் தோன்றலாம். ஜவ்வாது மலையில் சாமையும் புளியும் விற்றுவரும் என் தாயார் நிறத்தைக் கண்டே நோட்டை அறிவார். 2016 நவம்பரில் பழைய 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாமற்போய், நிறமும் அளவும் வேறான தாள்கள் வந்தன. அப்போது எழுத்துக்கூட்டித் தமிழ் மட்டும் படிக்கும் என் தந்தை, பின்புறம் இருந்த தமிழ் வரியைப் படித்துச் சொன்ன பின்னரே அவர் பணத்தை வாங்கி முடிந்துகொண்டார். எளியவருக்கு அவ்வரி அலங்காரமன்று. ஏமாறாமல் காக்கும் துணை.

சேர்க்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்: தாளை மடிக்கலாகாது, கழுவலாகாது, பசை, ஒட்டுநாடா கூடாது. ஆண்டு, கையொப்பம், வரிசை எண், நீரோட்டக் குறி ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும். மொரீஷியஸ் தாளை ஒளியில் பிடித்தால், அழிந்துபோன டோடோ பறவை தெரியும்.

தொடங்குவதற்கு அயல்நாட்டுத் தாள் வேண்டுவதில்லை. உங்கள் பையிலுள்ள பத்து ரூபாய்த் தாளைத் திருப்புங்கள். பதினைந்து மொழிகளுள் பதின்மூன்றாவதாக நம் தமிழ் இருக்கும்.