மீனுக்கும் வழி வேண்டும்!

ஊரின் பெயரிலேயே மீன் இருக்கிறது, ஓடையிலே இருக்கிறதா? மீன்சுருட்டித் தோழர்களைப் பார்த்து நாம் கேட்க விரும்புவது இதுதான். கேலிக்காக அல்ல. கெண்டையும் கெளுத்தியும் விராலும் குரவையும் ஓடையிலே அற்றுப்போய், காசு கொடுத்தால்தான் கிடைக்கும் என்ற நிலை வந்தால் இழப்பு யாருக்கு? மாளிகைவாசிக்கா, மண்வெட்டி பிடித்தவனுக்கா? அதனால்தான் கேட்கிறோம்.

அணைக்கரையிலே, கொள்ளிடத்தின் குறுக்கே நிற்கிறது கீழணை. ஆர்தர் காட்டன் காலத்தில், 1836இல் எழுந்தது. இராசேந்திர சோழன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிலைப் பெயர்த்துக் கல் கொண்டுபோய்க் கட்டினார்கள். கல் போன கதையை நாம் எல்லோரும் பேசுகிறோம். மீன் போன கதையை யார் பேசினோம்?

உல்லம் என்றொரு மீன். வங்காளத்தார் உயிரெனப் போற்றும் ஹில்சா. கடலிலே வளரும், முட்டையிட ஆற்றிலே ஏறும். கொள்ளிடத்திலும் ஏறிற்று. வழியிலே அணை நின்றது. அணைகள் மீனின் வழியை அடைக்கின்றன, ஏறிச்செல்லப் பாதை அமையுங்கள் என்று 1873இலேயே அறிக்கை எழுதினார் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே. பின்னர்ப் பாதையும் அமைத்துப் பார்த்தார்கள்; பலிக்கவில்லை. 1934இல் மேட்டூர் அணை எழுந்தது, கொள்ளிடத்து வெள்ளம் சுருங்கிற்று, உல்லமும் அருகிற்று.

அணையே கூடாதென்கிறோமா? இல்லை. கீழணை நீர் வடவாறு வழியே வீராணம் ஏரிக்குச் செல்கிறது, உழவனுக்கு உயிரூட்டுகிறது. நெல்லுக்கு நீரைக் கணக்கிட்டவர்கள் மீனுக்கு வழியைக் கணக்கிட மறந்தார்கள் என்பதே நம் வழக்கு. அந்த மறதியை நம் ஊர் ஓடையிலே நாமும் செய்யலாமா?

புதுவெள்ளம் வரும்போது, சினைகொண்ட மீன்கள் நீரை எதிர்த்து வாய்க்காலில் ஏறுகின்றன. அந்த நேரம் பார்த்துக் குறுக்கே கொசுவலை கட்டி வாரினால், ஒரு நாள் குழம்புக்கு ஓராண்டு மீனைப் பலியிடுகிறோம். விரால், கரையோரப் புல்லிலே குஞ்சு பொரித்துத் தாயும் தந்தையுமாய்க் காவல் நிற்கும் மீன். காவல் நிற்பதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் கதி என்ன? பூச்சிமருந்துக் கலத்தை ஓடையிலே கழுவினால், பூச்சிக்கு வைத்த நஞ்சு மீனுக்குப் போகாதா? வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பது குற்றம் என்று 1897ஆம் ஆண்டுச் சட்டமே கூறிற்று. சட்டம் ஏட்டிலே இருக்கிறது. காவல் ஊரிலேதான் இருக்க முடியும்.

காவல் என்றதும் பழைய குடிமராமத்தின் பெருமை பேசுவார் சிலர். பேசட்டும். ஆனால் 1858ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தையும் சேர்த்துப் பேசட்டும்! கரை உடையும் ஆபத்து வந்தால் உடலுழைக்கும் வகுப்பார் வந்தே தீரவேண்டும். மறுத்தால் தண்டனை என்றது அது. மண் சுமக்கச் சேரிக்காரன். மீன்பாசிக் குத்தகை எடுக்கப் பணக்காரன்! அந்தக் குடிமராமத்தை நாம் கேட்கவில்லை. கூடையைத் தூக்குகிறவனுக்குக் கூட்டத்திலே பேச உரிமை வேண்டும். ஏலத்திலே வரும் பணத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் வேண்டும். உரிமை தராமல் கடமையை மட்டும் தலையிலே ஏற்றுவது ஊர்ப்பணி ஆகாது, ஊழியம்.

2025 சூலையில், சோழகங்கம் ஏரியைச் சீரமைக்கப்போவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால், ஏரி வயிறென்றால் வரத்து வாய்க்கால் தொண்டை. தொண்டையை அடைத்துவிட்டு வயிற்றை மட்டும் தூர்வாரிப் பயன் என்ன?

ஆகவே, கழகத் தோழர்களுக்குச் சில வேலைகளைச் சொல்கிறோம். கிராமசபை கூடும் நாளில் எழுந்து நில்லுங்கள். குத்தகைப் பணத்தில் ஒரு பங்கு வரத்து வாய்க்காலுக்கு என்று தீர்மானம் கேளுங்கள். புதுவெள்ளத்தின் முதல் நாட்களில் ஓடையிலே வலை கூடாதென்று ஊர் கூடி உறுதி செய்யுங்கள். மற்ற மீனைத் தின்று தீர்க்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியை எவன் விட்டாலும் தடுத்திடுங்கள். பள்ளி ஆசிரியரைச் சந்தித்து, பிள்ளைகளை ஒரு நாள் ஓடைக்கரைக்கு அழைத்துவரச் சொல்லுங்கள். எந்த மீன் எங்கே முட்டையிடும் என்பதை, அங்கே வலை வீசிப் பழகிய முதியவரே பாடமாகச் சொல்லட்டும். பட்டம் பெறாதவரும் ஆசிரியராகும் வகுப்பு அது!

கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை ஓடையிலே இறங்கி, “இது கெண்டை, இது குரவை” என்று பெயர் சொல்லிக் காட்டும் நாள் வரவேண்டும். பெயர் தெரிந்த பிள்ளை அதைப் பாழாக்க விடமாட்டான். அடுத்த மழைக்கு முன் வேலையைத் தொடங்குங்கள்.