மலையின் குளிர்ச்சியும் மக்களின் பயணமும்



பங்குனி கழிந்து சித்திரை பிறக்கும் காலத்தில், ஓசூர்ச் சாலையை ஒட்டியுள்ள பொம்மனஹள்ளியின் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். பள்ளி விடுமுறைக்கு எங்கே செல்வது என்பதே அப்பேச்சு. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளிலும், கட்டட வேலைகளிலும், கணிப்பொறி நிறுவனங்களிலும் உழைக்கும் இக்குடும்பங்களுக்கு விடை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: ஒன்று, சொந்த ஊர், மற்றொன்று, உதகமண்டலம். சேலமும் தருமபுரியும் வேலூரும் வெயிலில் காயும் நாட்களில், ஊருக்குச் செல்வது கடமை. மலைக்குச் செல்வது இன்பம். உழைத்தவர் சில நாள் இளைப்பாற விரும்புவது இயல்பே. ஆயினும், நாம் நாடிச் செல்லும் அக்குளிர்ச்சிக்கு இன்று நேர்ந்திருப்பது யாது, அதில் நம்முடைய பயணத்திற்கும் பங்கு உண்டா என்னும் இரு வினாக்களுக்கு விடை தெரிந்துகொண்டு புறப்படுவது நன்று.

முதலில் ஒரு நாளின் கணக்கைப் பார்ப்போம். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் பெங்களூரில் வெப்பம் 38.5 டிகிரி செல்சியசை எட்டியது. அதே நாளில் உதகமண்டலத்தில் பதிவான வெப்பம் 29 டிகிரி. 1951 முதல் அங்கே குறிக்கப்பட்டு வரும் பதிவுகளில் அவ்வளவு உயர்ந்த வெப்பம் அதற்கு முன் காணப்பட்டதில்லை. பெங்களூரிலிருந்து சென்றவருக்கு 29 டிகிரி என்பது குளிர்ச்சியாகவே தோன்றியிருக்கும். ஆனால் கம்பளி ஆடையின்றி வெளியே வராத மலைவாசிக்கு அது புதிய வெயில்.

இவ்விரு எண்களுக்கும் இடையே உள்ள தொடர்பு எளிதில் விளங்கக்கூடியது. கடல் மட்டத்திலிருந்து மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்கிறது. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான அளவு. பெங்களூரின் உயரம் ஏறத்தாழ 900 மீட்டர்; உதகையின் உயரம் ஏறத்தாழ 2,240 மீட்டர். இடைப்பட்ட 1,300 மீட்டருக்கு எட்டு அல்லது ஒன்பது டிகிரி கழிய வேண்டும். அன்றைய நாளிலும் ஏறத்தாழ அவ்வளவே கழிந்தது. ஆகவே மலை வெப்பத்தைக் கழிக்கிறதேயன்றி அழிப்பதில்லை. சமவெளியும் பீடபூமியும் எத்தனை டிகிரி சூடேறுகின்றனவோ, மலையும் அதனை ஒட்டி ஏறியே தீரும். வெயிலுக்குத் தப்பி மேலே ஓடுவோருக்குப் பின்னாலேயே வெயிலும் ஏறி வருகிறது.

பெங்களூரே ஒரு காலத்தில் இத்தகைய குளிர்ச்சியான ஊராகப் பெயர் பெற்றிருந்தது. 1809இல் ஆங்கிலேயர் இங்கே படைமுகாம் அமைத்தனர்; இதன் இதமான தட்பவெப்பம் அவர்களை இங்கே நிலைக்கச் செய்தது. மின்விசிறி இல்லாமலே கோடையைக் கழித்த வீடுகளை நம் முதியோர் நினைவுகூர்வர். அதே ஊரில் 2016 ஏப்ரலில் வெப்பம் 39.2 டிகிரியைத் தொட்டது. உலகெங்கும் வெப்பம் உயர்ந்து வருவது ஒரு காரணம். மரங்கள் குறைந்து, ஏரிகள் சுருங்கி, மண் தெரியாதபடி கான்கிரீட் பரவியது மற்றொரு காரணம். பகலில் சூட்டை வாங்கிய கட்டடங்கள் இரவில் அதனை வெளியே விடுகின்றன. ஆதலால் விடியற்காலையிலும் வீடு குளிர்வதில்லை. 2024ஆம் ஆண்டுக் கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் பல வற்றி, தண்ணீர் லாரிக்காக மக்கள் காத்திருந்ததும் நாம் அறிந்ததே. பின்னர், அதே ஆண்டு ஜூன் 2ஆம் நாள் ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் மழை கொட்டிற்று. ஜூன் மாதத்து ஒருநாள் மழையில் 1891ஆம் ஆண்டின் பதிவை அது முறியடித்தது.

வறட்சியும் வெள்ளமும் ஒரே பருவத்தில் எவ்வாறு வரும் என்று சிலர் வினவலாம். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால், அது ஏறத்தாழ ஏழு சதவீதம் மிகுதியான ஈரத்தைத் தாங்க வல்லதாகிறது. அவ்வாறு தாங்கும் காற்று நிலத்தின் ஈரத்தை விரைவில் உறிஞ்சுகிறது. மழையாகப் பொழியும்போது தாங்கியதனைத்தையும் சிறிது நேரத்தில் கொட்டிவிடுகிறது. வெயிலும் பெருமழையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே.

இனி, நம் பயணம் இதில் எவ்வாறு சேர்கிறது என்பதைக் காண்போம். பொம்மனஹள்ளியிலிருந்து மைசூர், குண்டலுப்பேட்டை, பந்திப்பூர் வழியாக உதகை ஏறத்தாழ 280 கிலோமீட்டர். சென்று திரும்ப 560 கிலோமீட்டர். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குப் பதினான்கு கிலோமீட்டர் ஓடும் கார், இப்பயணத்திற்கு நாற்பது லிட்டர் எரிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வெளிவரும் கரியமில வாயுவின் எடை ஏறத்தாழ 2.3 கிலோ. ஒரு கிலோ எடைகூட இல்லாத எண்ணெயிலிருந்து இவ்வளவு வாயு எப்படி வரும் என்று வியக்க வேண்டுவதில்லை. எண்ணெயிலுள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடும்போது அதன் எடையும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே அந்த ஒரு கார் விட்டுச்செல்வது ஏறத்தாழ 92 கிலோ. நால்வர் சென்றால் ஆளுக்கு 23 கிலோ. இருவர் மட்டும் சென்றால் ஆளுக்கு 46 கிலோ. அதே தொலைவை நாற்பது பேர் அமர்ந்த பேருந்தில் கடந்தால், லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 140 லிட்டர் டீசல் செலவாகும். ஒருவர் பங்குக்கு வருவது பத்துக் கிலோவுக்கும் குறைவே.

ஒரு குடும்பத்தின் 92 கிலோ பெரிதன்று. ஆனால் சிறு துளி பெருவெள்ளம் அல்லவா? உலகில் மனிதர் வெளிவிடும் வெப்ப வாயுக்களில், 2019ஆம் ஆண்டில், ஏறத்தாழ 8.8 சதவீதம் சுற்றுலாவினால் வந்தது என ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். விமானம், கார், விடுதி, உணவு, வாங்கும் பொருள் ஆகிய அனைத்தும் அக்கணக்கில் அடங்கும்.

வாயு உலகெங்கும் கலந்துவிடும். வண்டியோ ஒரே மலையில் வந்து நிற்கிறது. கோடைக் காலத்தில் நீலகிரிக்குள் நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 20,000 வண்டிகள் நுழைவதாகவும், அவற்றுள் 11,500க்கு மேற்பட்டவை கார்கள் எனவும், 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. பேருந்துகள் அறுநூற்றுச் சொச்சமே. கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் இம்மலைக்கு வந்தபோது, இங்கே இருந்தவை புல்வெளிகளும் சோலைக் காடுகளும், தோடர், கோத்தர், படகர் முதலியோரின் ஊர்களுமே. புல்வெளியும் சோலையும் வெறும் அழகுக்கு உரியன அல்ல. மூடுபனியின் ஈரத்தையும் மழையையும் பஞ்சுபோல் வாங்கிவைத்து, கோடையில் சிறிது சிறிதாக ஓடைகளில் விடுவது அவற்றின் தொழில். பவானியும் மோயாறும் அவ்வாறு ஊட்டம் பெறும் ஆறுகள். புல்வெளியில் தைலமரமும் சீகை மரமும் நட்டதும், சோலையைத் திருத்தித் தேயிலை பயிரிட்டதும், பின்னர் சரிவை வெட்டி விடுதிகள் கட்டியதும், அந்தப் பஞ்சினைப் படிப்படியாகச் சுருக்கிவிட்டன. சுற்றுலாப் பயணிகளின் கூட்டம் உச்சத்தை அடையும் மே மாதம், மலையில் தண்ணீர் குறையும் மாதமாகவும் இருப்பது மற்றொரு தொல்லை.

இவ்வாறு மெலிந்த மலையின்மேல் புதுவிதப் பெருமழை விழும்போது நேர்வது என்ன? 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, உதகை வட்டாரங்களில் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019 ஆகஸ்டில் உதகைக்கு அருகிலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செண்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. பெங்களூரில் ஓராண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 100 செண்டிமீட்டர் என்பதை நினைத்தால் அதன் கடுமை விளங்கும். 1899இல் குன்னூர் வரையிலும், 1908இல் உதகை வரையிலும் ஓடத் தொடங்கிய மலை ரயில், பெருமழைக் காலத்தில் மண்சரிவினால் நாட்கணக்கில் நின்றுவிடுகிறது.

பெங்களூர் மக்கள் மிகுதியாகச் செல்லும் வயநாட்டில் 2024 ஜூலை 30ஆம் நாள் விடியுமுன், முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்களை மண்சரிவு விழுங்கியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பருவநிலை மாறியிராவிடில் அன்றைய மழை ஏறத்தாழ பத்து சதவீதம் குறைந்திருக்கும் என அறிவியலார் பின்னர் மதிப்பிட்டனர். அதற்குப் பின்பு, சரிவு நேராத வயநாட்டுப் பகுதிகளுக்கும் பயணிகள் வரத் தயங்கினர். விடுதிப் பணியாளரும், ஜீப் ஓட்டுநரும், தேநீர்க் கடைக்காரரும் வருவாய் இழந்தனர். ஆகவே சுற்றுலா பருவநிலையைக் கெடுக்க, கெட்ட பருவநிலை திரும்பி வந்து சுற்றுலாவின் பிழைப்பைக் கெடுக்கிறது.

இத்துன்பத்தில் முதலில் அகப்படுவோர் யார்? முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மாண்டவர்களுள் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் பலர். நீலகிரியில், 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றனர். அவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் சென்றோர், நிலம் மலிவாகக் கிடைத்த சரிவிலும் ஓடைக்கரையிலும் வீடு கட்டிக்கொள்வது எங்கும் காணும் காட்சி. பிழைப்புக்காகப் பொம்மனஹள்ளிக்கு வந்த நமக்கு அவர்கள் நிலை சொல்லாமலே விளங்கும். வெள்ளம் புகும் தாழ்நிலத்தில் வாடகை குறைவு என்பதற்காகவே குடியிருப்போர் நம்மிடையேயும் உண்டு.

அப்படியாயின் மலைக்குச் செல்வதையே நிறுத்திவிடலாமா? அது சரியான மருந்தன்று. 2020இல் தொற்றுநோய்க் காலத்தில் மலைச்சாலைகள் வெறிச்சோடியபோது காற்று தூய்மையாக இருந்தது. ஆனால் பயணிகளை நம்பியிருந்த வீடுகளில் அடுப்பெரியத் தடுமாறியது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. இங்கும் வேண்டியது அளவே.

அந்த அளவைத் தேடும் முயற்சி தொடங்கியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் என்னும் அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. 2025ஆம் ஆண்டுக் கோடைக்கு, நீலகிரியில் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என நீதிமன்றம் வரம்பு வகுத்தது. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருவோருக்கு அவ்வரம்பு இல்லை. வருவாய் குறையும் என்று அஞ்சிய நீலகிரி வணிகர்கள் அவ்வாண்டு ஏப்ரலில் கடையடைப்பு நடத்தினர். அவர்கள் அச்சத்தையும் எளிதாகத் தள்ளிவிட இயலாது. மலை எத்தனை பேரைத் தாங்கும் என்று அளந்து கூறும் பொறுப்பு, சென்னை ஐ.ஐ.டி.க்கும், நம் பொம்மனஹள்ளிக்கு அண்மையில் பன்னேர்கட்டா சாலையிலுள்ள ஐ.ஐ.எம். என்னும் மேலாண்மைக் கழகத்துக்கும் அளிக்கப்பட்டது.

சட்டம் செய்வது ஒரு பங்கு. பயணி செய்யக்கூடியதும் ஒரு பங்கு உண்டு. கூட்டம் மிகுந்த மே மாதத்தை விட்டு வேறு மாதத்தில் செல்லலாம். இரு மாநில அரசுப் பேருந்துகளும் உதகைக்கு ஓடுகின்றன. கோயம்புத்தூர் வரை ரயிலில் சென்று மேட்டுப்பாளையம் வழியாகவும் ஏறலாம். ஆண்டுக்கு மூன்று முறை ஓடிச்சென்று ஓரிரவு தங்குவதைவிட, ஒரு முறை சென்று நான்கு நாள் தங்கினால் எரிபொருள் மூன்றில் ஒரு பங்காகும். மலைவாசிக்குக் கிடைக்கும் வருவாயோ குறையாது. பந்திப்பூர்க் காட்டில் இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை வண்டிகள் செல்ல 2009 முதல் தடை உண்டு. அதற்கேற்பப் புறப்படுவது விலங்குகளுக்கும் நமக்கும் நலம். பிளாஸ்டிக் புட்டிகளைக் கொண்டுசெல்லாது, வீட்டுப் பாத்திரத்தில் நீர் எடுத்துச் செல்வது எவருக்கும் இயலும்.

இவை யாவற்றினும் முதன்மையான ஒன்று நம் வாயிலிலேயே இருக்கிறது. நாம் வாழும் இடம் தாங்கும்படியாக இருந்தால், மலைக்கு ஓடவேண்டிய தேவை தானே குறையும். பேகூர் ஏரியும், ஹுளிமாவு ஏரியும், மடிவாள ஏரியும் நமக்கு எட்டும் தொலைவில் உள்ளன. அவற்றின் கரையைக் காப்பதும், கழிவு கலவாமல் தடுப்பதும், தெருவில் ஒரு புங்கமரமோ வேப்பமரமோ நட்டு நீர் வார்ப்பதும், நம் பகுதிக்குக் கொஞ்சம் குளிர்ச்சியை மீட்டுத் தரும். 2025 ஆகஸ்ட் முதல் ஓசூர்ச் சாலையின்மேல் மெட்ரோ ரயில் ஓடுகிறது. பொம்மனஹள்ளியிலும் நிலையம் உண்டு. அன்றாடம் வேலைக்கு அதில் செல்வோர், ஆண்டுக்கொருமுறை மலைக்குச் செல்வதில் ஆகும் புகையினும் மிகுதியைச் சேமிக்கக் கூடும்.

ஒரு மலையின் குளிர்ச்சி நம் முன்னோர் தேடிவைத்த முதலைப் போன்றது. அதன் வட்டியாகிய இளைப்பாறுதலை நாமும் துய்க்கலாம். நம் மக்களும் துய்க்கலாம். முதலையே செலவிடத் தொடங்கினால், இன்று விற்பவருக்கும் நாளை பொருளிராது. இன்று வாங்குபவருக்கும் நாளை இடமிராது. அடுத்த கோடையில் பயணத்திற்குப் பெட்டி கட்டும்போது, எந்த வண்டியில், எத்தனை நாள், எந்த மாதத்தில் என்னும் மூன்று கேள்விகளையும் குடும்பத்தோடு அமர்ந்து எண்ணிப் பார்ப்போமாக.