கொம்பில் செதுக்கிய வாழ்த்து

சீன நாட்டை மிங் மரபினரும் (1368–1644) சிங் மரபினரும் (1644–1911) ஆண்ட காலத்தில், கலைஞர்கள் காண்டாமிருகத்தின் கொம்பைக் குடைந்து அழகிய கிண்ணங்கள் செய்தனர். அவற்றுள் பல இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. அவை வெறும் கலைப்பொருள்கள் அல்ல. எழுத்தின்றி எழுதப்பட்ட வாழ்த்துகள்.

மாட்டின் கொம்பினுள் எலும்பு உண்டு. காண்டாமிருகத்தின் கொம்பினுள் எலும்பு இல்லை. நம் நகத்திலும் முடியிலும் உள்ள கெராட்டின் என்னும் பொருளே இழையிழையாக இறுகி அக்கொம்பாகிறது. ஆதலால் அதனை நுட்பமாகச் செதுக்க இயலும். கலைஞர்கள் கொம்பைத் தலைகீழாக நிறுத்தினர். அகன்ற அடிப்பகுதி கிண்ணத்தின் வாயாயிற்று. குறுகிய நுனி அதன் அடியாயிற்று. பானத்தில் நஞ்சு கலந்திருந்தால் இக்கொம்பு காட்டிக்கொடுக்கும் என்றும் அக்கால மக்கள் நம்பினர்.

கிண்ணத்தின் புறத்தே மரம், பழம், விலங்கு முதலிய உருவங்கள் விளங்கும். பீச் பழம் நீண்ட ஆயுளின் சின்னம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை பழுக்கும் விண்ணுலகப் பீச் கனியை உண்டவர் இறவார் என்பது சீனக் கதை. கடுங்குளிரிலும் பசுமை மாறாத பைன் மரம், முதுமையிலும் தளராத உறுதியைக் குறிக்கும். கொத்தாகக் காய்க்கும் திராட்சை, மக்கட்பேற்றைக் குறிக்கும்.

சீனக் கலையில் ஒலியால் பொருள் தரும் சின்னங்களும் உண்டு. தமிழில் ‘திங்கள்’ என்னும் சொல் நிலவையும் மாதத்தையும் குறிக்கும் அன்றோ? அதுபோல, எழுத்து வேறாயினும், சீன மொழியில் ‘ஃபூ’ என்னும் ஒலி வௌவாலையும் நற்பேற்றையும் குறிக்கும். ‘லு’ என்னும் ஒலி மானையும் அரசுப் பணியாளர் பெறும் ஊதியத்தையும் குறிக்கும். ஆகவே மான் உருவத்தைக் கண்டவர், ‘உயர்ந்த அரசுப்பணி கிட்டுக’ என்னும் வாழ்த்தை உணர்ந்தனர்.

ஆயினும் இவ்வாழ்த்தின் விலை பெரிது. முற்காலத்தில் சீனாவிலும் காண்டாமிருகங்கள் வாழ்ந்தன. வேட்டையாலும் காடழிவாலும் அவை அருகின. பின்னர்த் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கொம்புகள் வந்தன. மனிதருக்கு நீண்ட ஆயுளை வேண்டிய கிண்ணத்திற்காக விலங்கு தன் ஆயுளை இழந்தது.

கொம்பின் மீதுள்ள ஆசை இன்றும் முற்றும் நீங்கவில்லை. அதன் பன்னாட்டு வணிகம் 1977 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. எனினும் களவு வேட்டை தொடர்கிறது. நம் நாட்டின் ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகங்கள் மிகுதியாக வாழும் இடம் அசாமின் காசிரங்கா ஆகும். அங்கே 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2,613 காண்டாமிருகங்கள் இருந்தன. கொம்பு விலைப்பொருள் அன்று என்பதை உணர்த்த, 2021 செப்டம்பர் 22 அன்று அசாம் அரசு தன்னிடமிருந்த 2,479 கொம்புகளைத் தீயிட்டு எரித்தது.

பீச் பழமும் வௌவாலும் மானும் சீனர்களின் பச்சைக்கல்லிலும் மூங்கிலிலும் பீங்கானிலும் இடம்பெற்றுள்ளன. அங்கும் அவை அதே வாழ்த்தையே கூறுகின்றன. வாழ்த்து உருவத்தில் உள்ளது; கொம்பில் இல்லை.

சொற்பொருள்
மக்கட்பேறு – குழந்தைச் செல்வம்
நற்பேறு – நல்வாய்ப்பு
அருகின – குறைந்தன

பயிற்சி
1. காண்டாமிருகக் கொம்பு எப்பொருளால் ஆனது?
2. மான் உருவம் எவ்வாறு வாழ்த்தாகிறது?
3. ‘வாழ்த்து உருவத்தில் உள்ளது, கொம்பில் இல்லை’ – விளக்குக.
4. ‘திங்கள்’ போல இருபொருள் தரும் தமிழ்ச் சொற்கள் மூன்றினை வீட்டில் உள்ள பெரியோரிடம் கேட்டு எழுதுக.