அளவு பிசகாத விமான மாதிரிகள்

மன்னாருக்குத் தெற்கே, அரிப்புக் கடற்கரையின் மேட்டிலே இடிந்த சுவர்கள் சில நிற்கின்றன. தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 1801 முதல் 1804 வரையில், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கெனக் கட்டுவித்த 'டொரிக்' மாளிகையின் எச்சம் அது. ஊரார் அதனை அல்லிராணி கோட்டை என்பர். கடல் மேட்டை அரிக்க அரிக்க மாளிகையும் சிறிது சிறிதாகச் சரிந்தது. சரிந்துபோன பகுதியை இன்று எவரும் நூல்பிடித்து அளத்தல் இயலாது. ஒரு பொருள் மறைந்த பின்னரும் அதன் வடிவம் மறையாதிருக்க வேண்டுமாயின், அது நிற்கும்போதே அளந்து, அவ்வளவின்படி ஒரு மாதிரியையேனும் செய்து வைத்தல் வேண்டும்.

கட்டடத்துக்குப் பொருந்தும் இவ்வுண்மை ஆகாய விமானத்துக்கு இன்னும் நன்கு பொருந்தும். கட்டடம் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். விமானமோ சில ஆண்டுகள் பறந்து, பின்னர் உடைத்து விற்கப்படும். அல்லது கடலில் வீழ்ந்து மறையும். ஆதலால், சிறுவர்கள் பசை கொண்டு ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் விமான மாதிரியை வெறும் விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குதல் தகாது.

இம்மாதிரிகளுள் பல 1:72 என்னும் அளவுத்திட்டத்தில் அமைந்தவை. 1936 இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'புரொக் பெங்குவின்' மாதிரிகளும் இதனையே பின்பற்றின. ஆறடி மனிதன் ஓரங்குலமாகக் குறைவான் என்பதே இக்கணக்கு. நூற்றுநான்கு அடி இறக்கை விரிவுடைய கற்றலினா என்னும் கடல் விமானம் பதினேழு அங்குலத்தைச் சற்றே தாண்டி, ஒரு மேசையில் அடங்கிவிடும்.

பிழையும் இக்கணக்கின்படியே பெருகும். மாதிரியின் மேல் அரை மில்லிமீற்றர் அகலமான ஒரு கீறல், உண்மை விமானத்தில் 36 மில்லிமீற்றர் அகலப் பிளவாகும். பழைய மாதிரிகளில் புடைத்து நிற்கும் ஆணித்தலைகளை எழுபத்திரண்டு மடங்கு பெருக்கிப் பார்த்தால், இறக்கை முழுவதும் எலுமிச்சங்காய்களைப் பதித்தது போலிருக்கும். அத்தகைய விமானம் எங்ஙனம் பறக்கும்?

இக்குறைகள் எதனால் நேர்கின்றன? உருக்கிய பிளாஸ்டிக்கை மிகுந்த அழுத்தத்துடன் உருக்கு அச்சினுள் செலுத்திக் குளிரச் செய்தே பாகங்களை வார்க்கின்றனர். அச்சு செய்வதற்குப் பெரும் பணம் வேண்டும். எனவே ஒரே அச்சைப் பல பத்தாண்டுகள் பயன்படுத்துவர். அச்சு தேயத் தேய, பாகங்களின் ஓரத்தில் பிசிறு தோன்றும். இரு பாதிகள் ஒன்றோடொன்று பொருந்தாமற் போகும். பெட்டியின் படம் மட்டும் புதிதாக இருக்கும்! இனி, அச்சு புதிதாயினும் வரைபடம் பிழையாயின் பயனில்லை. எயார்பிக்ஸ் நிறுவனம் 1950களில் வெளியிட்ட முதலாவது ஸ்பிட்பயர் வடிவத்திற் குறையுடையதாகவே இருந்தது. பின்னர் அந்நிறுவனம் புதிய அச்சுகளில் அவ்விமானத்தைத் திருத்தமாகச் செய்தது. இக்காலத்திலோ, எஞ்சியுள்ள உண்மை விமானத்தை லேசர் ஒளியால் அளந்து, கணினியில் வரைந்து, அதன்பின் அச்சு வெட்டும் முறையும் வந்துள்ளது.

இத்துணை நுட்பம் எதற்கு என்று கேட்போருக்கு 1942 ஆம் ஆண்டு விடை கூறும். அவ்வாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை, 1:72 அளவில் ஐந்து இலட்சம் விமான மாதிரிகளை மரத்தில் செய்து தருமாறு பாடசாலை மாணவரைக் கேட்டது. அத்தகைய மாதிரியை முப்பத்தைந்து அடி தூரத்தில் வைத்துப் பார்ப்பது, உண்மை விமானத்தை ஏறக்குறைய அரைமைல் தூரத்தில் பார்ப்பதற்கு ஒப்பாகும். பகைவர் யார், நண்பர் யார் என்று பிரித்தறியப் போர்வீரர் இவற்றைக் கொண்டே பழகினர். இறக்கையின் வளைவு பிசகினால் உயிரே பிசகும்.

அதே ஆண்டு ஏப்ரல் 4 இல், கொக்கலையிலிருந்து புறப்பட்ட கற்றலினா ஒன்று, இலங்கைக்குத் தெற்கே யப்பானியக் கப்பற்படையைக் கண்டது. விமானி லெனார்ட் பேர்ச்சலும் அவர்தம் துணைவரும் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே விமானம் சுடப்பட்டுக் கடலில் வீழ்ந்தது. உயிர் தப்பியோர் சிறைப்பட்டனர். மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. எனினும் முன்னெச்சரிக்கை வந்து சேர்ந்திருந்தது. அவ்விமானத்தை இன்று மாதிரியாக அன்றி வேறு எவ்வகையில் மாணவர் கண்முன் நிறுத்தக்கூடும்?

போரின் நினைவு மட்டும் போதாது. 1947 டிசம்பர் 10 இல் 'சீதாதேவி' என்னும் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. எயார் சிலோனின் முதற் சேவை அதுவே. அந்நிறுவனம் இன்றில்லை. டக்கோட்டா மாதிரிகளோ பல நாடுகளில் விற்பனையாகின்றன. அவற்றுள் ஒன்றைச் 'சீதாதேவி' ஆக்குவதற்குப் புதிய அச்சு வேண்டியதில்லை. பெயரும் நிறக்கோடுகளும் அச்சிட்ட நீரொட்டுத் தாள் ஒன்று போதும். கதவும் சன்னலும் அவ்விமானத்துக்கு உரியனவா என்று மட்டும் பழைய நிழற்படங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல் வேண்டும். இனி வெளிவரும் பெட்டிகளில் இத்தகைய தாளையும், அவ்விமானத்தின் வரலாற்றைக் கூறும் சிறு குறிப்பையும் நிறுவனங்கள் சேர்த்தளிக்குமாயின், குறைந்த செலவில் நிறைந்த பயன் விளையும்.

அதுவரை நம் மாணவர் கைகட்டியிருக்க வேண்டியதில்லை. இரத்மலானை விமானப்படை அரும்பொருட்காட்சியகத்தில் டக்கோட்டா ஒன்று காட்சிக்கு உண்டு. அதனைக் கண்டு, தம் மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அரிப்பிலே 'டொரிக்' மாளிகையின் எஞ்சிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அளவு நாடாவும் குறிப்பேடும் கொண்டு சென்றால், 1:72 அளவில் அதனையும் அட்டையிற் சமைக்கலாம். கடல் காத்திருப்பதில்லை, அளப்பவரும் காலந்தாழ்த்தலாகாது.