பேக்கப் இருக்கிறது, மீட்டுப் பார்த்தீர்களா?

வங்கிக் கணக்கின் இருப்பு, மருந்தகத்தில் பதிவான ஒவ்வாமை, பிள்ளையின் தேர்வு முடிவு என எல்லாமே இன்று ஏதோ ஒரு தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன. அதைக் காப்பது தரவுத்தள நிர்வாகியின் வேலை. “பேக்கப் எடுத்தாயிற்றா?” என்றுதான் பலரும் அவரிடம் கேட்கிறார்கள். அந்த பேக்கப்பிலிருந்து தரவை மீட்க முடியுமா என்று கேட்பவர்கள் குறைவு.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் உள்ள வேறுபாட்டை உலகுக்கு உணர்த்தியது ‘கிட்லேப்’ நிறுவனத்தில் நடந்த சம்பவம். மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்துவைத்து, சேர்ந்து பணியாற்றும் இணையத்தளம் அது.

2017 ஜனவரி 31 இரவு, முதன்மை சர்வரை நகலெடுக்கும் துணை சர்வர் பின்தங்கிவிட்டது. துணை சர்வரில் உள்ளதைத் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்க நினைத்த பொறியாளர், அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். ஆனால், கட்டளை ஓடியதோ முதன்மை சர்வரில்! ஓரிரு விநாடிகளில் நிறுத்தியும் பயனில்லை. சுமார் 300 கிகாபைட் தரவில் 4.5 கிகாபைட்தான் மிஞ்சியது.

பேக்கப்பைத் தேடியபோதுதான் அடுத்த அதிர்ச்சி. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பில் ஓடியது. பேக்கப் கருவியோ 9.2 பதிப்பைப் பயன்படுத்தியது. இரண்டும் பொருந்தாததால் பேக்கப் பணி தோற்றுக்கொண்டே இருந்தது. அதை எச்சரித்த மின்னஞ்சல்களும் அஞ்சல் சர்வரால் நிராகரிக்கப்பட்டன. பேக்கப் போய்ச் சேரவேண்டிய மேகச் சேமிப்பகம் காலியாகக் கிடந்தது.

வேறொரு சோதனைக்காக ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு முன் எடுத்துவைத்த நகல் ஒன்றுதான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. சுமார் 18 மணி நேரம் கழித்துத் தளம் மீண்டது. நிரல்கள் தப்பின. ஆனால், இடைப்பட்ட நேரத்தில் பதிவான கருத்துகளும் புதிய கணக்குகளும் போயின.

மீட்புப் பணியை யூடியூப்பில் நேரலையாகக் காட்டிய நிறுவனம், பிறகு நடந்தவற்றை விரிவாக வெளியிட்டது. தனிமனிதர் மீது பழி போடாமல், நடைமுறையில் எங்கே ஓட்டை என்று ஆராய்ந்தது. எந்த சர்வரில் இருக்கிறோம் என்பது திரையில் தெளிவாகத் தெரியவேண்டும், பேக்கப்பை மீட்டுப் பார்க்கும் சோதனை தானாகவே நடக்கவேண்டும் என்று முடிவெடுத்தது.

‘டெவ்ஆப்ஸ்’ என்று சொல்லப்படும் பணிமுறையின் சாரமும் இதுதான். 2009ல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் நடந்த மாநாட்டிலிருந்து பரவிய பெயர் அது. மென்பொருள் எழுதுவோரும் அதை இயக்குவோரும் ஒரே அணியாகச் செயல்படவேண்டும். மனித நினைவாற்றலை நம்பாமல், திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளைத் தானியங்கிகளிடம் ஒப்படைக்கவேண்டும் என்கிறது அது.

இது பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமான பாடமல்ல. துணைப்பாட வகுப்பின் கட்டணக் கணக்கானாலும் கடையின் சரக்குப் பதிவானாலும், மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள். நேற்றைய பதிவுகள் இருக்கின்றனவா, மீட்க எவ்வளவு நேரம் பிடித்தது என்று குறித்துவையுங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப், பேக்கப் ஆகாது.